ஒரகடம் பக்கம் ஊர் சுற்றிய கூட்டல் குறி

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வந்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சுங்குவார்சத்திரத்தில் கிளம்பி, ஒரு சாக்கடை மூடியின் மேல் உட்கார்ந்தபடி ஒரகடத்தில் பயணத்தை முடித்தவள் அனேகமாக நான் ஒருத்திதான். அதனால் இந்தத் தடத்தில் போக நினைப்பவர்களுக்கு என்னை விட்டால் வேறு வழிகாட்டி கிடையாது. சகித்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரம். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் எட்டு அண்ணன்மார் வாடகைக்கு இருக்கிறார்கள், எல்லோரும் கம்பெனி வேலை. அவர்கள் மெஸ் கதவில் "இன்று முதல் காலையிலும் பிரியாணி" என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. யார் ஒட்டியது என்பது முக்கியமில்லை. காலை ஆறரைக்கு எட்டுப் பேரும் தட்டோடு நின்றதுதான் முக்கியம். அம்மா என்னை ஒருநாளைக்கு நாடு கடத்த முடிவு செய்தார். அன்றைக்கு வெளியே போகிற ஒரே ஆள் என் அண்ணி சுமதி.

அண்ணி வேலை பார்ப்பது நாலே பேர் இருக்கும் ஒரு சின்ன அலுவலகம். அங்கே நடப்பது பெரிய விஷயம். நாடு முழுவதையும் சில வருடங்களுக்கு ஒருமுறை விமானத்தில் பறந்து படம் எடுப்பது, செலவை எல்லாத் துறைகளும் பகிர்ந்துகொள்வது, எடுத்த படத்தை எல்லோரும் பயன்படுத்துவது என்று ஒரு கூட்டுத் திட்டம். இப்போது சாலை போடுகிறவர் தனியாகப் படம் எடுக்கிறார். ஏரியைப் பார்க்கிறவர் தனியாக எடுக்கிறார். ஒரே ஏரி, ஒரே சாலை, ஆளுக்கொரு டிரோன். கல்யாண வீட்டில்கூட ஒரு ஜோடிக்கு இத்தனை போட்டோகிராபர் இருக்கமாட்டார்கள்.

அன்று மாலை மூன்று மணிக்கு ஒரகடத்தில் கூட்டம். இந்தப் பகுதியிலிருந்து ஆறு பேரை அழைத்திருந்தார்கள். குறைந்தது நாலு பேர் "நாங்களும் பங்கு" என்று கையெழுத்துப் போட்டால் முதல் வருடப் பறப்பில் நம் பகுதிக்கு இடம் உண்டு. போடாவிட்டால் வரிசையின் வாலுக்குப் போய்விடும். அண்ணியின் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடியும். பிறகு அவர் பழைய கம்பெனிக்கே, அதே லைனுக்கு, இரவு ஷிஃப்டுக்குத் திரும்ப வேண்டும். அண்ணனுக்குப் பகல் ஷிஃப்ட். போன முறை அப்படி இருந்தபோது இருவரும் ஆறு மாதம் வாசல்படியில் மட்டும்தான் குடும்பம் நடத்தினார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றுவார், மற்றவர் மாட்டுவார்.

கூட்டத்துக்கு முன்னால் அண்ணிக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. மேலிருந்து படம் எடுப்பதற்கு முன், தரையில் சில இடங்களில் வெள்ளைப் பெயிண்டில் பெரிய கூட்டல் குறி போடுவார்கள். அந்த இடம் பூமியில் துல்லியமாக எங்கே இருக்கிறது என்று அளந்து ஓர் எண் எழுதி வைப்பார்கள். படத்தில் அந்தக் குறி தெரியும். அதை அந்த எண்ணில் கொண்டுபோய்ப் பொருத்தினால் மொத்தப் படமும் சரியான இடத்தில் உட்காரும். போஸ்டரின் மூலையில் ஆணி அடிப்பது மாதிரி. பழைய குறிகள் இன்னும் இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்துப் படம் எடுத்து வர வேண்டும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. அந்த முனைதான் நான்.

காலை எட்டு மணிக்குச் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் டீ, பன்னிரண்டு ரூபாய். நாள் முழுவதற்கும் ஆட்டோ பேசினோம், ஆயிரத்து நானூறு. ஓட்டுநர் செல்வம் அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கம்பெனி வேலைக்காக வந்து, கம்பெனி ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குப் போகாமல் ஆட்டோ வாங்கிவிட்டவர். கிளம்பிய பத்தாவது நிமிடமே நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டோம். முன்னால் வரிசையாக ஆறு கம்பெனி பஸ்கள். ஒவ்வொன்றிலும் பாதி சீட் காலி.

"ஆறு கம்பெனி, ஒரே ஷிஃப்டு, ஒரே ரோடு" என்றார் செல்வம் அண்ணன். "ரெண்டு பஸ்ஸுல அடங்குத கூட்டம்லா இது. கேட்டா, என் பஸ்ஸுல அடுத்த கம்பெனிக்காரன் ஏறப்பிடாதுங்கான்."

அண்ணி சட்டென்று திரும்பினார். "இதத்தான் அண்ணே நான் இன்னைக்கு மூணு மணிக்குச் சொல்லப் போறேன். பஸ்ஸுக்குப் பதிலா பிளேன்."

"பிளேன்ல பங்கா? அதுல எப்பிடிக் கணக்குப் பிரிப்பிய?"

"எல்லாரும் அடிப்படையா ஒரு பங்கு குடுக்கணும். ஒருத்தருக்கு அவரோட எடம் மட்டும் இன்னும் நுணுக்கமா தெரியணும்னா, கூடுதல் தெளிவுத்திறன் விருப்பத் தெரிவுன்னு ஒண்ணு இருக்கு."

செல்வம் அண்ணன் கண்ணாடியில் அண்ணியைப் பரிதாபமாகப் பார்த்தார். "எங்க ரூம்ல அஞ்சு பேரு. வாடகை எல்லாருக்கும் சமம். ஃபேனுக்கு நேரா படுக்கவன் மட்டும் எரநூறு கூடக் குடுக்கணும். அதானே?"

"அதேதான்."

"பொறவு எதுக்கு யக்கா இம்புட்டு நீளமாச் சொல்லுதிய? கேக்கவன் பயந்துருவாம்லா."

அண்ணி தன் தாளில் எதையோ அடித்துவிட்டு 'ஃபேன் பக்கம்' என்று எழுதியதை நான் பார்த்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு சிறுபாலத்தின் மேல் முதல் குறி. இருந்தது. ஒன்றில்லை, மூன்று. வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று, பக்கத்துப் பக்கத்தில். மூன்று துறை, மூன்று வருடம், மூன்று பெயிண்ட் டப்பா. பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு மாதிரி ஒரே கூட்டலாக இருந்தது, விடைதான் எங்கேயும் இல்லை. அடுத்த இரண்டு குறிகளும் ஒழுங்காக இருந்தன. பத்தே முக்காலுக்கு ஒரகடம் கூட்டு ரோடு. கூட்டல் குறி தேடி, கூட்டுத் திட்டத்துக்காக, கூட்டத்துக்கு முன்னால் கூட்டு ரோட்டில் நிற்கிறோம் என்று அண்ணியிடம் சொன்னேன். வாயை மூடச் சொன்னார். சாலை ஓர மெஸ்ஸில் முன்கூட்டியே சாப்பிட்டோம், ஆளுக்கு எண்பது ரூபாய். தொட்டுக்கொள்ளப் பூசணிக்காய்க் கூட்டு. அண்ணியைப் பார்க்க மட்டும் செய்தேன்.

அங்கிருந்து வாலாஜாபாத் - வண்டலூர் சாலையில் சேரப்பணஞ்சேரி பக்கமாகச் சில கிலோமீட்டர். கடைசிக் குறி இருந்த தெருவின் பெயரைப் போடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஒரு பக்கம் வீடுகள், வீடுகளுக்கு முன்னால் சாக்கடை, சாக்கடை மேல் சிமெண்ட் மூடிகள், தெரு முடிவில் ஏரிக்கரை. ஃபோனில் இடத்தை வைத்துத் தேடிப் போனால் முதல் வீட்டு வாசலில் நின்றது. அங்கே கூட்டல் குறி இல்லை. சாக்கடையில் ஒரு மூடியே இல்லை. அந்த ஓட்டையின் மேல் பழைய கதவுப் பலகை கிடந்தது.

அண்ணியின் முகம் மாறியது. ஏரி மூலைக்கு இருந்தது அந்த ஒரே குறிதான். மடிக்கணினியைத் திறந்து காட்டினார். இந்தப் பகுதியை மூன்று துறைகள் மூன்று முறை எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார். மற்ற இடமெல்லாம் சரியாகப் பொருந்தியது. ஏரிப் பக்கம் மட்டும் ஒரு தண்ணீர்த் தொட்டி மூன்று தொட்டியாகத் தெரிந்தது. ஏரிக்கு மூன்று கரை. ஒரு படத்தில் தொழிற்பேட்டையின் மதில் ஏரிக்கு வெளியே இருந்தது. இன்னொன்றில் மதில் ஏரிக்குள் குளித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு வாரமா இது ஏன்னே தெரியல" என்றார் அண்ணி. "மத்தியானம் யாராவது கேட்டா என்ன சொல்றது? மூணு பேரும் ஒழுங்கா எடுத்தும் இப்டின்னா, நாலாவதா நீ எடுத்தா மட்டும் சரியா வருமான்னு கேப்பாங்க."

தெருமுனை டீக்கடையில் விசாரித்தோம். கடைக்காரர் மல்லிகா அக்கா, பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, மொத வூட்டு வாசல்ல வெள்ளையா ஒரு பிளஸ் போட்ட மூடி இருந்துச்சாமே?"

"அது அங்க இல்ல பாப்பா. அது நடந்து வந்துச்சு."

"மூடி நடக்குமா?"

"நடத்துனா நடக்கும். இந்தப் பக்கம் எவனாவது பெயிண்ட் எட்த்துக்கினு வந்து கோடு போட்டான்னா, அந்த நெலம் கம்பெனிக்குப் போச்சுன்னு அர்த்தம். மொத வூட்டுக்காரன் கம்முனு கெடப்பானா? விடியக் காத்தால மூடியப் பேத்துக்கினு போயி ரெண்டாவது வூட்டாண்ட வச்சிட்டு, அவங்க மூடியக் கொண்டாந்து தன்னுதுல போட்டுக்கினான். அவன் அடுத்த வூட்டாண்ட. அவன் அடுத்தது. யாரும் திருடல. ஆளுக்கு ஒரு வூடு தள்ளி வச்சாங்க, அவ்ளோதான்."

"யாரும் கேக்கலயா?"

"இன்னான்னு கேக்குறது? நம்ம வாசல்ல கெடக்குற வரைக்கும்தான் அது தொல்ல. தள்ளி வச்சிட்டா முடிஞ்சிச்சி."

கடைசியில் தெருவில் வீடு தீர்ந்துபோய், மூடி டீக்கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டாவது வீட்டில் மூடி என்ற பெயரில் கிடந்தது ஒரு பழைய கதவுப் பலகைதான், முதல் வீட்டுக்குப் போனது அது. மல்லிகா அக்காவுக்கு அடுத்த பக்கம் ஏரிதான், தள்ள ஆளில்லை. இரண்டு செங்கல் அடுக்கி, மேலே மூடியைப் போட்டு, வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சாக மாற்றிவிட்டார். அந்த நேரத்தில் அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கீழே வெள்ளைக் கூட்டல் குறி பளிச்சென்று தெரிந்தது.

அண்ணி டேப்பை எடுத்தார். முதல் வீட்டு ஓட்டையிலிருந்து டீக்கடை வரை நாற்பத்தொரு மீட்டர். மடிக்கணினியில் முதல் தொட்டிக்கும் மூன்றாவது தொட்டிக்கும் நடுவில் அளந்தார். அதே நாற்பத்தொன்று. அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். முதலில் வந்த குழு மட்டும் ஒழுங்காக அளந்து எண் எழுதியிருக்கிறது. அடுத்து வந்த இரண்டு குழுக்களும் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தெருவுக்கு வந்து, கண்ணில் பட்ட கூட்டல் குறியைப் பார்த்து "இருக்கு" என்று டிக் அடித்துவிட்டு டிரோனைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். இரண்டாவது குழு வந்தபோது மூடி நடுத்தெருவில். மூன்றாவது வந்தபோது டீக்கடையில். எண் முதல் வீட்டிலேயே நிற்கிறது, குறி மட்டும் பயணம் போய்விட்டது. அதன் பின்னாலேயே ஏரியும் போய்விட்டது. இவ்வளவு நாள் நான்தான் இந்த வட்டாரத்தின் பெரிய குறும்பு என்று நினைத்திருந்தேன். ஒரு தெருவே சேர்ந்து, வாயே திறக்காமல், ஓர் ஏரியை நகர்த்தியிருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"அக்கா, இந்த மூடிய ஒருநாளைக்குக் குடுங்க, ப்ளீஸ்" என்றேன்.

"அப்ப வர்றவன் எதுமேல குந்துவான்?"

பேச்சுவார்த்தை கால் மணி நேரம். கடைசியில் செல்வம் அண்ணனின் ஆட்டோ பின்சீட்டைக் கழற்றி அடமானம் வைத்தோம். வடைக்காரர் உடனே அதில் மாறி உட்கார்ந்து, இதுவே பரவாயில்லை என்றார். மூடியை நாலு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். சீட் இல்லாததால் அண்ணி ஓட்டுநர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார், நான் மூடிமேல். ஏப்ரல் வெயிலில் காய்ந்த சிமெண்டில் உட்கார்ந்து ஒரகடம் வரை போனேன். தோசைக்கல்லின் மனநிலை தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோசையின் மனநிலை எனக்குத் தெரியும்.

இரண்டே முக்காலுக்குக் கூட்டம் நடக்கும் மண்டபம். அண்ணி உள்ளே திரையைச் சரிசெய்யப் போனார். நானும் செல்வம் அண்ணனும் மண்டபக் காவலர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு மூடியை வாசலில் இறக்கி வைத்தோம். வந்த அதிகாரிகளின் பெயரோ துறையோ இங்கே வேண்டாம். ஏரிக்காரர், சாலைக்காரர், தொழிற்பேட்டைக்காரர், மின்கம்பக்காரர், பயிர்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஆறாவது ஆள் அந்தத் தெரு இருக்கும் ஊராட்சியின் தலைவி, பிரபாவதி அம்மா.

முதலில் வந்தவர் தொழிற்பேட்டைக்காரர். நான் முகத்தைக் கோயில் உண்டியல் மாதிரி வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"சார், ஏரிப் பக்கத்துல சர்வேக்குப் போட்ட குறி இது. ஊர்க்காரங்க பத்திரமா எடுத்து வச்சுக் குடுத்தனுப்பினாங்க. யாரோடதுன்னு தெரியல."

"எங்களோடதுதாம்மா. எங்க படத்துக்கு இதான் ஆதாரம்."

"அப்ப உங்க பேர எழுதிடுங்க சார், மாறிடப் போகுது." சாக்பீஸை நீட்டினேன். மூடியின் இடது ஓரத்தில் எழுதினார். எழுதிய பக்கத்தை என் துப்பட்டாவால் மூடினேன். அடுத்து ஏரிக்காரர் வந்தார். "நம்மதும்மா, நாங்க அளந்தது" என்று வலது ஓரத்தில் எழுதினார். சாலைக்காரர் எழுதும்போது இடம் போதாமல் குறுக்காக எழுதினார். செல்வம் அண்ணன் சிரிப்பை அடக்க ஆட்டோவைத் துடைக்கப் போனார். அந்த ஆட்டோ அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் இருந்ததில்லை.

உள்ளே அண்ணி ஃபேன் பக்கக் கணக்கைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், புரிந்தும் கொண்டார்கள். மழை முடிந்து வானம் கழுவி வைத்த மாதிரி இருக்கும் தை, மாசியில் ஒரே பறப்பு. செலவில் பங்கு, படம் எல்லோருக்கும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தொழிற்பேட்டைக்காரர் கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரி மேடம். எங்ககிட்ட நல்ல படம் ஏற்கெனவே இருக்கு. அப்புறம் எதுக்குப் பங்கு?"

"எங்ககிட்டயும் இருக்கே" என்றார் ஏரிக்காரர். சாலைக்காரரும் தலையை ஆட்டினார். அண்ணி தண்ணீர் பாட்டிலை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். வாசல்படி நினைவுக்கு வந்திருக்கும்.

நான் செல்வம் அண்ணனுக்குச் சைகை காட்டினேன். அந்த இரண்டு காவலர்களையும் மறுபடி பிடித்து மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுமேசைமேல் வைத்தோம். துப்பட்டாவை எடுத்தேன். ஒரு கூட்டல் குறி, அதைச் சுற்றி மூன்று துறைகளின் கையெழுத்து. மூவரும் தங்கள் கையெழுத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் படித்தார்கள்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்கு வா, உனக்கு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு மூன்று படங்களையும் திரையில் ஏற்றி, மூடி நடந்த கதையைச் சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. "மூணு பேரும் செலவு பண்ணியிருக்கீங்க சார். ஆனா குறியைப் பார்த்துக்க ஆள் யாருக்குமே இல்ல. ஒரே படமா எடுத்தா, ஒரே குறிதான். அதை வருஷம் பூரா பார்த்துக்கறதுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பங்கு."

ஏரிக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க படத்துல ஏரி நாப்பது மீட்டர் தள்ளியா இருக்கு? இத வச்சுதான் கரையை அளக்கப் போறோம்" என்றார். முதல் கையெழுத்து அவருடையது. சாலைக்காரர் இரண்டாவது. இதுவரை படமே இல்லாமல் குத்துமதிப்பாக வயலைக் கணக்கெடுத்துவந்த பயிர்க்காரர் மூன்றாவது. மின்கம்பக்காரர் தலைமையிடத்தில் கேட்க வேண்டும் என்றார். தொழிற்பேட்டைக்காரர் கம்பெனிகளைக் கேட்க வேண்டும் என்றார். மூன்றோடு நின்றது.

அப்போது பிரபாவதி அம்மா பேச ஆரம்பித்தார்.

"எங்க ஊராட்சில பணம் கெடயாதும்மா. இருந்திருந்தா அந்த மூடிக்கெல்லாம் சிமெண்ட் பூசியிருப்பேன். அது நடந்திருக்கவே நடந்திருக்காது."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்குறேன். இந்தக் குறி போட்டா நெலம் எடுப்பாங்களா?"

"மாட்டாங்கம்மா. வேணும்னா எழுதியே தர்றேன்" என்றார் அண்ணி.

"எழுதிக் கிழுதிக் குடுத்துடாத. அப்பறம் இன்னும் பயந்துக்குவாங்க." நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டார். "பணம் இல்லாம பங்கு சேர முடியாதா?"

"எடம் குடுத்தாலும் பங்குதான். பார்த்துக்கிட்டாலும் பங்குதான். திட்டத்துலயே இருக்கு."

"அப்பன்னா என் வூட்டு வாசல்ல போடு. தரையோட சேத்துக் கான்கிரீட்ல போடு. நிலம் போவும்னா நானே என் வாசல்ல போடச் சொல்லுவனான்னு ஊர்ல நெனப்பாங்க இல்ல? அங்கேர்ந்து எவன் தூக்குறான்னு நான் பாக்குறேன்."

நாலாவது கையெழுத்து நாலு மணி முப்பத்தைந்துக்கு விழுந்தது. அண்ணி அண்ணனுக்கு ஃபோன் போட்டு, "செருப்பக் கழட்டிட்டு உள்ளயே உக்காந்திருங்க, வரேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அண்ணனுக்குப் புரிந்திருக்கும்.

மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சீட்டை மீட்டபோது ஆறு மணி. வடைக்காரர் சீட்டிலிருந்து எழுந்திருக்க மனமே இல்லாமல் எழுந்தார். மொத்தச் செலவு ஆட்டோ, சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.

இந்தத் தடத்தில் போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நெடுஞ்சாலைப் பக்கமே போகாதீர்கள். அவசரம் இல்லாத பெண்களுக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்து இருக்கிறது, ஆனால் அதில் சிமெண்ட் மூடியை ஏற்ற விடமாட்டார்கள். தொப்பி, தண்ணீர், தடிமனான துணி மூன்றும் கட்டாயம். துணி எதற்கு என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. வழியில் தரையில் ஒரு கூட்டல் குறியைப் பார்த்தால் தயவுசெய்து நகர்த்தாதீர்கள். உங்களுக்கு அது ஒரு வீடு தள்ளி. மேலேயிருந்து பார்க்கிறவருக்கு அது ஓர் ஏரி.

மூன்று வாரம் கழித்து பிரபாவதி அம்மாவின் வாசலில் கான்கிரீட் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அண்ணியும் நானும் மறுபடி போனோம். காய்ந்திருந்தது. அழகான வெள்ளைக் கூட்டல், சுற்றிலும் காலையில் போட்ட கோலம்கூட அதை மிதிக்காமல் விலகிப் போயிருந்தது. அங்கிருந்து மூடி நடந்த தெருவுக்குள் திரும்பியதும் அண்ணி நின்றுவிட்டார். முதல் வீட்டு வாசலில் ஒரு கூட்டல் குறி. இரண்டாவதில் ஒன்று. அடுத்ததில் ஒன்று. எண்ணிப் பார்த்தால் மொத்தம் ஏழு. ஏழாவது மல்லிகா அக்காவின் பெஞ்சில், புதுப் பெயிண்டோடு.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"தலைவி சும்மாவா அவங்க வாசல்ல போட்டுக்குவாங்க? ஏதோ வருது. வந்தா எங்களுக்கும் வரட்டும்."

அண்ணி பையிலிருந்து பெயிண்டை அழிக்கும் தின்னர் பாட்டிலை எடுத்தார். இந்தத் தொழிலில் அதை எப்போதும் வைத்திருப்பார்களாம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தியமா நான் இல்ல அண்ணி" என்றேன்.

"தெரியும்" என்று ஒரு பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். "நீ போட்டிருந்தா இவ்ளோ நேரா வந்திருக்காது. மொத வூட்டுலேர்ந்து ஆரம்பி."